பிடியரிசியில் எழுந்த உயர்நிலைப் பள்ளி

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் நாம் உடனிருந்தோம். நிகர இலாபம் வாசிக்கப்பட்டது. பங்கு ஈவும் முடிவாயிற்று. அதன்பின் இளைய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மாலை வேளையில் பாடம் படிக்கச் சங்கக் கட்டடத்தில் ஓர் அறையும் விளக்கும், ஆண்டுக்கு ஒரு முறை நோட்டுப் புத்தகங்களும் தரலாகாதா என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, நூல் வாங்கிச் சேலை விற்கிறதற்குத்தான் சங்கம். பள்ளிக்கூடம் நடத்துகிறதற்குச் சர்க்கார் இருக்கிறது" என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. கோரிக்கை அத்துடன் நின்று போயிற்று. பேரவையில் வாதாடவோ வாக்களிக்கவோ ஆய்வாளருக்கு உரிமை இல்லையாதலால் நாமும் வாளாவிருந்தோம்.

அப்பெரியவரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. சங்கப் பணம் தறிக்குழியில் கால் மரத்துப் போக உழைத்தவர்களின் பணம்; அதைக் காப்பவர் கை இறுகியிருப்பது இயல்பே. ஆயினும் பள்ளிக்கூடம் என்றாலே அது சர்க்கார் காரியம் என்ற எண்ணம் நம் மாவட்டத்து வரலாற்றுக்குப் பொருந்தி வரவில்லை. மாவட்டத்தின் தலைநகரிலேயே, கடைத்தெருவும் அடுப்பங்கரையும் சேர்ந்து எழுப்பிய பள்ளி ஒன்று 1889 முதல் நின்று நிலவுகிறது. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையே அது. பெரும்பாலோர் அதனைக் காமராஜர் படித்த பள்ளி என்ற அளவில் அறிவர். அது எந்தப் பணத்தில் எழுந்தது, எப்படி நடந்தது என்பவை கூட்டுறவாளர்கள் அறிய வேண்டிய செய்திகள்.

1889-ஆம் ஆண்டில் அவ்வூரின் பெயர் விருதுபட்டி. விருதுநகர் என்னும் பெயர் 1923-இல்தான் வந்தது. இராமநாதபுரம் ஜில்லா 1910-இல் அமைக்கப்படும் வரை, ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் அடங்கியிருந்தது. 1870-களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரெயில் பாதை போடப்பட்ட பிறகு, சுற்றியுள்ள கரிசல் நிலத்துப் பருத்தியும் வற்றலும் மல்லியும் எண்ணெய் வித்துக்களும் அங்கு வந்து குவியலாயின. இன்று தினசரி விலை நிலவரத்தில் "விருதுநகர் மார்க்கெட்" என்று நாம் கேட்பதற்கு அடி அந்நாளில் போடப்பட்டதே.

இவ்வாணிபத்தை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் நாடார் வகுப்பினர். ரெயில் வருவதற்கு முன்பு சரக்கு யாவும் மாட்டு வண்டியிலேயே சென்றது. வழிப்பறிக்கு அஞ்சி வண்டிகள் கூட்டமாகவே செல்லும். இரவு தங்க மதில் சூழ்ந்த இடம் வேண்டும். அவ்விடங்களே பேட்டைகள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இப்பேட்டைகள் பெயர் பெற்றிருந்தன. வண்டிக்கும் மாட்டுக்கும் அங்கே இடமும் நீரும் உண்டு. சரக்கை இறக்கி விற்கவும் செய்யலாம். இவற்றை நடத்தும் செலவுக்காக, கைமாறும் சரக்கின் மேல் ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டது. அதற்கு மகமை என்று பெயர். வகுப்பாரின் ஊர்ச்சபையாகிய உறவின்முறை அதனைத் திரட்டிப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டது. கிணறு, கோயில், சத்திரம் என்ற வரிசையில் பின்னர்ப் பள்ளியும் சேர்ந்தது.

கணக்கேடுகளோடு பழகியவர்கள் என்ற முறையில் மகமையைப் பற்றி இங்குச் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். வீடு வீடாகச் சென்று, "பள்ளிக்கு நூறு ரூபாய் கொடுங்கள்" என்று கேட்டால் தருபவர் சிலரே; அடுத்த ஆண்டு அவர்களும் குறைவார்கள். மகமையோ கையில் பணம் புரளும் நேரத்தில், சரக்கு விலை போகும் அந்த இடத்திலேயே பிடிக்கப்படுவது. மூட்டைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். வியாபாரம் பெருகினால் நிதியும் பெருகும். வியாபாரம் படுத்த ஆண்டில் யாரையும் நெருக்காது. நம் சங்கங்களில் கூலி பட்டுவாடாவின்போது சிக்கன நிதி பிடிக்கிறோமே, அதன் தத்துவமும் இதுவே. மாதம் 12 சேலை நெய்பவரிடம் ஆண்டுக்கு 144 ரூபாய் கேட்டால் முகம் சுளிப்பார். சேலைக்கு ஒரு ரூபாய் என்று பிடித்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டும் ஒரே தொகைதான்.

பயிர் செய்யும் அங்கத்தினர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வியாபாரி தன் செலவு ஒவ்வொன்றையும் சரக்கின் விலையில் வைத்தே பார்ப்பான். ஆகவே பேட்டையில் பிடிக்கப்பட்ட மகமையில், பருத்தியும் வற்றலும் கொண்டு வந்து போட்ட சம்சாரியின் காசும் ஓரளவு கலந்தே இருக்கும். அப்பள்ளியின் கற்களில் கரிசல் காட்டாருக்கும் பங்கு உண்டு என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

மகமை கடைக்காரர் தந்தது. வீட்டார் தந்தது பிடியரிசி. நாள்தோறும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது. சேர்ந்ததைத் திரட்டி விற்று, வரும் பணத்தைப் பள்ளிக்குச் சேர்ப்பது. இன்று கேட்பவர்க்கு இது குழந்தை விளையாட்டுப் போலத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் என்று வைத்துக் கொண்டால், 30 நாளில் ஒரு வீட்டில் ஒன்றரைக் கிலோ சேரும். 200 வீடுள்ள ஊரில் மாதம் 300 கிலோ. அரிசி விற்கும் விலையில் இது எவ்வளவு ஆகும் என்பதை அங்கத்தினர்கள் வீட்டிலேயே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் கணிசமான பகுதியை அது தாங்கும். பணமாகக் கையில் ஒன்றும் இல்லாத வீட்டுப் பெண்ணும் இதில் பங்குதாரர் ஆகிவிடுகிறாள் என்பது இம்முறையின் தனிச்சிறப்பு. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அவள் பெயர் அதுவரை ஏறியதில்லை.

இப்படி எழுந்த பள்ளியில் பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கப்படவில்லை. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். இதனைச் சிறு விஷயமாக எண்ணலாகாது. பள்ளியை நிறுவிய வகுப்பார்க்கே அக்காலத்தில் பல கோயில்களில் நுழைய உரிமை இல்லை. கமுதிக் கோயிலில் நுழைந்தது பற்றிய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. பள்ளி தொடங்கிய பத்தாம் ஆண்டாகிய 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டது. இத்தகைய காலத்தில், பிறர் அடைத்த கதவுக்கு வெளியே நின்றவர்கள் தாங்கள் கட்டிய கதவைப் பிறர்க்கும் திறந்து வைத்தார்கள்.

இந்தியாவில் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்தது 1904-இல். பள்ளியோ அதற்குப் பதினைந்து ஆண்டு மூத்தது. கூட்டுறவு என்ற சொல்லையே கேளாதவர்கள் கூட்டுறவுக் காரியம் செய்திருக்கிறார்கள் என்று புகழத் தோன்றும். நாம் அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறோம். உறவின்முறை பிறப்பால் அமைந்த சபை. அதில் விரும்பியவர் சேரவும் வேண்டாதவர் விலகவும் வழியில்லை. மகமை கொடுக்க மறுப்பவர் ஊராரின் பகையைத் தேடிக் கொள்வார். நம் சங்கங்களில் சேருவது அவரவர் விருப்பம். ஒருவருக்கு ஒரு வாக்கு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, பழையதெல்லாம் பொன் என்று சொல்வது சரியாகாது. நிதி திரட்டிய முறையையும் அதைக் கல்விக்குத் திருப்பிய துணிவையும் மட்டும் எடுத்துக் கொண்டால் போதும்.

அப்பள்ளியில் படித்தவர்களில் உலகறிந்தவர் காமராஜர். 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி பிறந்தவர். தந்தையார் குமாரசாமி தேங்காய் வியாபாரம் செய்தவர். தாயார் சிவகாமி அம்மாள். ஊரிலிருந்த ஏனாதி நாயனார் வித்தியாசாலையில் எழுத்துக் கற்று, பின்னர் க்ஷத்திரிய வித்தியாசாலையில் சேர்ந்தார். அவருடைய பள்ளி நாட்களைப் பற்றி வழங்கும் கதை ஒன்றைக் கூட்டுறவாளர்கள் மறக்கக் கூடாது. விநாயகர் சதுர்த்தி பூஜைக்காகப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரே தொகை வசூலிக்கப்பட்டதாம். பிரசாதம் வழங்கும்போது முண்டியடித்துச் சென்றவர்களுக்கு நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற சிறுவன் காமராஜுக்கு மிகச் சிறிதே கிடைத்தது. வீட்டில் கேட்டபோது, "எல்லோரிடமும் சமமாகக் காசு வாங்கியவர்கள் எல்லோருக்கும் சமமாகத்தானே கொடுக்க வேண்டும், நான் ஏன் முண்ட வேண்டும்?" என்ற கருத்துப்பட அவர் மறுமொழி கூறியதாகச் சொல்வார்கள். கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு பிற்காலத்து மெருகு என்பதை நாம் ஆராயப் போவதில்லை. நூல் பங்கீட்டு நாளில் சங்க வாசலில் நிற்பவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

இனிச் சொல்லப் போவதே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. அப்பள்ளி ஈன்ற மாணவர்களில் தலைசிறந்தவர் அதன் படிப்பை முடிக்கவில்லை. அவருக்கு ஆறு வயதளவில் தந்தையார் காலமானார். தாயார் தம் நகைகளை விற்ற பணத்தை ஒரு வணிகரிடம் இட்டு, அதன் வட்டியில் குடும்பத்தை நடத்தினார். ஆறாம் வகுப்போடு பிள்ளை பள்ளியை விட்டு மாமனின் கடைக்கு வேலைக்குச் சென்றான். பள்ளியில் சம்பளம் கேட்டு யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை, சம்பளமே கிடையாது. வகுப்பைக் காரணம் காட்டித் தடுத்தவரும் இல்லை. ஊரார் மகமையும் பிடியரிசியும் கொடுத்துச் செய்யக் கூடியதை எல்லாம் செய்திருந்தார்கள். ஆயினும் வீட்டு உலை பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுத்துக் கொண்டது. சம்பளத்தை நீக்கினால் பிள்ளைகள் படித்துவிடுவார்கள் என்று எண்ணுவோர்க்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வேலைக்குப் போனால் ஒரு பிள்ளை கொண்டு வரும் கூலி, அது தின்னும் சோறு, இவ்விரண்டும் சேர்ந்ததே ஏழை வீட்டில் படிப்பின் உண்மையான விலை.

காமராஜர் அதனை மறக்கவில்லை. 1954 ஏப்ரல் மாதம் அவர் சென்னை இராஜ்ய முதலமைச்சரானபோது, முந்திய ஆண்டு கொண்டு வரப்பட்ட அரைநாள் பள்ளித் திட்டம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும், மீதிப் பொழுது பெற்றோர் செய்யும் தொழிலிலும் இருக்க வேண்டும் என்பது அத்திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்தவர்கள் அழைத்தார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை பாதி நாள் தார் சுற்றியே வளர வேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். 1954-லேயே அது கைவிடப்பட்டது. 1956-இல் எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. எட்டயபுரமும் கரிசல் பூமியே; விருதுநகரிலிருந்து எட்டிவிடும் தொலைவுதான்.

பகலுணவுத் திட்டம் நடந்த விதத்தில் பழைய பிடியரிசியின் சாயல் இருந்ததை நாம் காண்கிறோம். முதலில் அது ஊரார் நன்கொடையிலேயே நடந்தது. 1957 முதல் அரசாங்கம் செலவில் நூற்றுக்கு 60 பங்கை ஏற்றுக் கொண்டது. எஞ்சிய 40 பங்கை ஊரார் தர வேண்டும். பணமாகவும் தந்தார்கள், தானியமாகவும் காய்கறியாகவும் விறகாகவும் தந்தார்கள். 1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இவ்வழியிலேயே சென்றன. ஊருக்கு ஊர் கூட்டம் போட்டு, பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் எழுதி, பெஞ்சு ஒருவர், கடிகாரம் ஒருவர், சீருடைத் துணி ஒருவர் என்று பொறுப்பேற்க வைத்தார்கள். சிறுவயதில் தம் ஊரில் கண்டதை ஒருவர் இராஜ்யம் முழுவதற்கும் விரித்தார் என்று சொன்னால் தவறில்லை. 1960 முதல் ஏழைப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி இறுதி வகுப்பு வரை சம்பளமின்றிப் படிக்க வழி ஏற்பட்டது. சில ஆண்டுகளில் அது எல்லோர்க்கும் ஆயிற்று.

இவ்விடத்தில் மற்றொரு விருதுநகர்க்காரரையும் நினைக்க வேண்டும். சென்னை இராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956-இல் 76 நாட்கள் உண்ணாவிரதமிருந்து, அக்டோபர் 13-ஆம் தேதி உயிர் துறந்த சங்கரலிங்கனார் அவர். காமராஜரைவிட எட்டு ஆண்டு மூத்தவர். அவர் கேட்ட பெயர் 1969-இல் வந்தது. உண்ணாவிரதத்தால் அவரை அறிந்தவர் பலர். அவர் தம் வீட்டையும் கையிலிருந்த 4,000 ரூபாயையும் ஊரிலிருந்த பெண்கள் பள்ளிக்கு எழுதி வைத்து, படிக்க வரும் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமா போடச் சொன்னதை அறிந்தவர் சிலரே. உணவின்றி உயிர் விட்ட ஒருவர் பிறர் பிள்ளைகளின் காலைப் பசியை நினைத்திருக்கிறார். அரசாங்கம் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியது 2022 செப்டம்பரில்.

சிவகாசிப் பக்கத்தைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. அங்கேயும் உழைப்பும் சிக்கனமும் குறைவில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அச்சும் பட்டாசும் பின்னர் வளர்ந்தன. வானம் பார்த்த பூமியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆனால் தீக்குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சிறு விரல்களுக்கு எளிது என்று கண்டதனால், பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் விடியுமுன் தொழிற்சாலை வண்டியில் ஏற்றப்பட்டார்கள். பெற்றோரைக் கேட்டால், மழை பொய்த்த ஆண்டில் வேறென்ன செய்வது என்பார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1996 டிசம்பரில் சிவகாசி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சட்டத்துக்கு மாறாகப் பிள்ளையை வேலைக்கு வைத்தவர் பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அப்பணம் பிள்ளைகளின் நலனுக்கான நிதியாக வேண்டும் என்றும் கூறிற்று. பிள்ளையை மீட்டால் மட்டும் போதாது, அது கொண்டு வந்த கூலிக்கு ஈடு வேண்டும் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது. அன்றைய விருதுபட்டிச் சிறுவன் கடைக்குப் போன காரணமும் இதுவே அல்லவா?

இன்று நிலைமை மிகவும் மாறிவிட்டது. சம்பளம் இல்லை; காலையும் பகலும் உணவு உண்டு; புத்தகமும் சீருடையும் கிடைக்கின்றன. அப்படியானால் சங்கம் செய்ய என்ன இருக்கிறது என்று நம் பெரியவர் கேட்கக் கூடும். நாம் சென்று பார்க்கும் தறி வீடுகளில் பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு உட்கார இடமில்லை. கூடம் முழுவதும் தறி. தறிச் சத்தம் ஓய்ந்தால் அன்றைய கூலி ஓய்ந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை தெரு விளக்கடியில் புத்தகத்தை விரித்திருந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் கண்டிருக்கிறோம். சங்கக் கட்டடமோ மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறது. இளைய அங்கத்தினர் கேட்டது இந்தச் சாவியைத்தான்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் 28 பேர் முன்னின்று தொடங்கிய கடைதான் உலகக் கூட்டுறவுகளுக்கு முன்மாதிரி. அவர்களிலும் நெசவாளர் பலர். அக்கடையின் மேல்மாடியில் படிப்பகமும் நூலகமும் இருந்தன. உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினார்கள். நம் நாட்டில் 1912-ஆம் ஆண்டின் சட்டமே, நிகர இலாபத்தில் காற்பங்கைக் காப்பு நிதிக்குச் சேர்த்த பின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மிகாமல் தர்மக் காரியங்களுக்குக் கொடுக்கலாம் என்றது. அத்தர்மக் காரியங்களில் கல்வியும் ஒன்று. இப்போது தமிழ்நாட்டுச் சங்கங்களை ஆள்வது 1983-ஆம் ஆண்டின் சட்டம். இதில் அங்கத்தினர்கள் பலர் ஒரு குழப்பத்துக்கு உள்ளாவதைக் காண்கிறோம். ஆண்டுதோறும் இலாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பணம் போகிறதே, அதில் பிள்ளைகளுக்குச் செய்யலாகாதா என்கிறார்கள். அந்நிதி கூட்டுறவுப் பயிற்சிக்காக வெளியே செலுத்தப்படுவது. சங்கம் தன் விருப்பம் போல் எடுக்க முடியாது. உள்ளூரில் செலவிட உரியது பொது நல நிதி. அவரவர் சங்கத்து உபவிதிகளில் நிகர இலாபப் பங்கீடு பற்றிய பகுதியில் அதற்கு இடமிருக்கிறதா, எவ்வளவு என்பதை முதலில் பார்க்க வேண்டும். இடமில்லையானால் உபவிதித் திருத்தம் கொண்டு வர வேண்டும். இடமிருந்தால் பேரவைத் தீர்மானம் வேண்டும். நஷ்டத்தில் நடக்கும் சங்கத்தில் இப்பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சொல்லி விடுகிறோம்.

மகமை போல் சேலைக்கு இவ்வளவு, குவிண்டாலுக்கு இவ்வளவு என்று பிடிப்பதானால், பிடித்தத்துக்கு ஒவ்வோர் அங்கத்தினரின் எழுத்து மூலமான சம்மதம் இருக்க வேண்டும். தனிப் பேரேட்டில் தனிக் கணக்கும் வேண்டும். வேறு செலவுக்கு அதிலிருந்து கைமாற்று எடுப்பது கூடாது. அறை, விளக்கு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது; யார் திறப்பது, யார் பூட்டுவது, மின்சாரக் கட்டணம் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பவற்றை நிர்வாகக் குழு முன்னதாகவே முடிவு செய்து கொள்வது நலம். கூட்டத்தில் திடீரென்று எழுந்து கேட்டால், சென்ற ஆண்டு நடந்தது போலச் சிரிப்பில் முடியும். ஆகவே கூட்ட அறிவிப்பிலேயே இது தனிப் பொருளாக இடம் பெறும்படி, அறிவிப்பு அச்சாகும் முன் எழுத்து மூலம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

அந்த இளைய அங்கத்தினர் இவ்வாண்டு அவ்வாறே மனுக் கொடுத்திருக்கிறார். அறையும் விளக்கும் மட்டுமே கேட்டிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறார். மனுவில் பதினேழு பேர் கையெழுத்திட்டுள்ளனர். தீர்மான வாசகத்தின் மாதிரி வேண்டும் சங்கங்கள் தம் வட்டார ஆய்வாளரைக் கேட்டுப் பெற்றுக் கொள்ளலாம்.